வென்டிலேட்டரில் இருப்பவர் 'உள்ளிழுப்பாரா'?

வணக்கம்.

அண்மையில் ஓர் ஒப்புதல் படிவத்தைத் தமிழாக்கினேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் நுரையீரல் தொற்றுக்கு நெபுலைசர் வழியே ஆன்டிபயாடிக் கொடுப்பது பற்றியது. "உள்ளிழுக்கும் நுண்ணுயிர்க்கொல்லி" என்று எழுதியிருந்தேன். நோயாளியின் மகள் படித்துவிட்டுக் கேட்டார்: "அப்பாவுக்கு நினைவே இல்ல, வாயில குழாய். அவரு எப்படி சார் இழுப்பாரு?"

நியாயம்தானே. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் கெட்டிச் சளி சேரும் பிறவி நோய்) உள்ளவர் டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தானே இழுக்கிறார்; அங்கே 'உள்ளிழு' சரி. இங்கே இயந்திரம் தள்ளுகிறது. 2023இல் வெளியான பிரெஞ்சு ஆய்வின் பெயரே 'அமிகின்ஹால்': அமிக்காசின் என்ற ஆன்டிபயாடிக்கோடு 'இன்ஹேல்', அதாவது 'உள்ளிழு', சேர்ந்த பெயர். ஆனால் அதில் இருந்த 847 பேரும் வென்டிலேட்டரில் இருந்தவர்கள்! (மூன்று நாள் அமிக்காசின் கொடுத்ததில் நிமோனியா 22 விழுக்காட்டிலிருந்து 15க்கு இறங்கியது. அது வருமுன் காக்கத்தான். வந்த தொற்றைக் குணப்படுத்துவது வேறு கதை.)

வீட்டில் "புகை வைக்கிறது" என்போம். ஆனால் இது புகையுமில்லை, ஆவியுமில்லை. நெபுலைசரில் உள்ள அதிரும் சல்லடைத் தகடு மருந்தை 5 மைக்ரானுக்கும் சிறிய துளிகளாக உடைக்கிறது. குழாய்க்குள் வெள்ளையாகப் பனிபோல் நகர்வது தெரியும். 'சொட்டு மருந்து' என்றால் போலியோ நினைவுக்கு வரும். 'துவலை' பழைய சொல், தூறலின் துளி. அடுத்து, வினைச்சொல்: ரத்தம் ஏற்றுகிறோம், குளுக்கோஸ் ஏற்றுகிறோம். படுத்திருப்பவர் எதுவும் செய்ய வேண்டாம். எனவே என் பரிந்துரை: துவலையேற்று நுண்ணுயிர்க்கொல்லி.

---

ஐயா, 'துவலை' எனக்குப் பிடித்திருக்கிறது. 'ஏற்று' வேண்டாம். ஏற்றுவது என்றாலே கையில் ஊசி குத்தி நரம்பில் விடுவதுதான் நினைவுக்கு வரும். அமிக்காசினும், கொலிஸ்டின் என்ற இன்னோர் ஆன்டிபயாடிக்கும் நரம்பில் போனால் சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், நுரையீரலுக்குள்ளோ போதிய அளவு போய்ச் சேராது. ரத்தத்தில் அதிகம் கலக்காமல் நேரே நுரையீரலில் கொட்டத்தானே இந்த ஏற்பாடு? சொல் அதற்கு நேர்மாறாகக் காட்டுகிறதே.

---

அடடா, அதை யோசிக்கவில்லை. அப்படியானால் 'ஏற்று' போகட்டும்; 'துவலை நுண்ணுயிர்க்கொல்லி' போதும். தானே இழுப்பவருக்கும் இதுவே பொருந்தும். படிவத்தில் இப்படி மாற்றிவிட்டேன்: "மருந்தை நுண்ணிய துவலையாக்கி, மூச்சுக்குழாய் வழியே நுரையீரலுக்குள் செலுத்துவோம்." செவிலியர்கள் "நெபு வைக்கிறது" என்றுதான் சொல்வார்கள், அதை மாற்ற நான் முயலப்போவதில்லை.