தரையா, நிலமா, தடமா? வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

கனடாவில் காணாமல் போனவர்களைக் காடு மலையெங்கும் நடந்து தேடும் தன்னார்வக் குழுக்களின் வரலாற்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். 'கிரவுண்ட் சர்ச் அண்ட் ரெஸ்கியூ' என்ற பெயரிலேயே நிற்கிறேன். அங்கே வானூர்தி விபத்து என்றால் படைத்துறை, கடலில் கடலோரக் காவல்படை, தரையில் காவல்துறை. காவல்துறை கூப்பிட்டதும் ஓடி வருகிறவர்கள் இந்தத் தன்னார்வலர்கள். அதனால் 'கிரவுண்ட்' என்பதை விட்டுவிட முடியாது. இப்போதைக்கு 'தரைத் தேடல் மீட்புக் குழு' என்று போட்டிருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் வருவதால் இன்னும் சுருக்கமாக வேண்டும்.

---

அம்மா, 'தரை' வடமொழித் 'தரா'வின் வழி வந்தது. 'நிலம்' இருக்க அது எதற்கு? 'நிலம் தீ நீர் வளி விசும்பொடு ஐந்தும்' என்கிறார் தொல்காப்பியர். நிலத்தேடல், நீர்த்தேடல், விசும்புத்தேடல் என்று மூன்றும் ஒரே வரிசையில் நிற்கும்.

மீட்புக்கும் பழைய சொல் உண்டு. பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்பது கரந்தை. கரத்தல் என்றால் மறைதல். கரந்தவரை மீட்பவர் கரந்தையர். ஒரே சொல்லில் முடிந்தது.

---

ஐயா, கரந்தை பூவின் பெயர். சூடிய பூவால் திணைக்குப் பெயர் வந்தது. அதைக் 'கரத்தல்' என்ற வினையோடு முடிச்சுப் போட எனக்கு மனம் வரவில்லை. புறப்பொருள் வெண்பாமாலை தனித் திணையாக்கினாலும் தொல்காப்பியர் அதை வெட்சித் திணைக்குள்தான் வைத்தார். இன்று கரந்தை என்றால் படிப்பவருக்குத் தஞ்சாவூரும் 1911இல் தொடங்கிய தமிழ்ச் சங்கமும்தான் நினைவுக்கு வரும்.

'நிலத்தேடல்' என்பதை மாணவர்கள் இரண்டாம் வேற்றுமையாகத்தான் விரிப்பார்கள்: நிலத்தைத் தேடுதல், அதாவது மனை வாங்க அலைவது. 'தரைத்தேடல்' என்றால் அந்தக் குழப்பம் இல்லை.

---

ஊர்க் கரந்தை, கருந்திட்டைக்குடியின் மரூஉ. அதற்கும் திணைக்கும் தொடர்பில்லை. கரந்தையரை அவ்வளவு எளிதில் தள்ள வேண்டாம்.

---

ஐயாமாருக்கு வணக்கம். நான் ஈழத்துக்காரன். பூவை விடுங்கோ, 'தேடுதல்' என்று மட்டும் எங்கேயும் எழுதிவிடாதேங்கோ. எங்களுக்குத் தேடுதல் என்றால் விடியப்புறம் ஆமி வந்து வீட்டைச் சுற்றி நிற்பது. கனடாவில் இதை வாசிக்கப்போகிறவர்களில் பலர் அதைக் கண்டவர்கள். 'தேடல்' என்றால் அந்த நினைவு வராது. 'தன்னார்வலர்' என்பதைவிடத் 'தொண்டர்' எங்களுக்குப் பழகிய சொல்.

---

அண்ணா, தமிழ்நாட்டில் தொண்டர் என்றால் கட்சிக்காரர். தன்னார்வலரே இருக்கட்டும்.

இப்படி ஒரு குழுவில் சில ஆண்டுகள் நடந்தவன் நான். தொடக்கத்தில் இது மீட்பு வேலைதான். 1896இல் ஆஸ்திரியாவின் ராக்ஸ் மலையில் பனிச்சரிவு வியன்னாக்காரர் மூவரைக் கொன்றபின் அந்நகர மலையேறிகளே கூடி மீட்பு அமைப்பை உண்டாக்கினார்கள். அமெரிக்காவின் ஓரிகனில் ஹூட் ரிவர் ஊர்க்காரர்கள் 1926இல் 'கிராக் ராட்ஸ்' குழுவைத் தொடங்கினார்கள். ஆள் எங்கே என்று தெரிந்தால் ஏறிப்போய்த் தூக்கி வர வேண்டும்.

ஆள் எங்கே என்றே தெரியாதபோதுதான் தேடல் தனிக் கலையாகிறது. 1986இல் நோவா ஸ்கோஷியாவின் பீவர் பேங்க் காட்டில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வழிதவறினான். ஆயிரக்கணக்கானோர் தேட வந்தார்கள். ஒரு வாரம் கழித்து உடல்தான் கிடைத்தது. அத்தனை கால்கள் மிதித்த காட்டில் பையனின் தடம் எது என்று யார் சொல்வது? அதற்குப் பிறகுதான் ஹாலிஃபாக்ஸ் உளவியல் பேராசிரியர் கென் ஹில், வழிதவறியவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று ஆராய்ந்தார். பெரிய ஆளைக் கண்டு பயந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் சொல்லாமல் ஒளிந்துகொள்ளும் குழந்தைகள் உண்டு.

நாங்கள் ஒரு தடம் கண்டால் அதைச் சுற்றி நாடா கட்டிவிடுவோம். டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தால்தான் குதிகால் விளிம்பில் நிழல் விழும். மேலிருந்து அடித்தால் வெறும் மண். கோலில் ரப்பர் வளையம் மாட்டி ஓர் எட்டின் நீளத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த அடி எங்கே விழுந்திருக்கும் என்று கோலை அரைவட்டமாகச் சுழற்றிப் பார்ப்போம். அப்புறம் விசில் ஊதிவிட்டு, மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் நின்று கேட்போம். ஆகவே என் ஓட்டு 'தடந்தேடிகள்'.

---

தம்பி, அழகான சொல். ஆனால் படகிலும் நாயோடும் போகிறவர்களும் இந்தக் குழுக்களில்தானே இருக்கிறார்கள்? தடம் பார்ப்பவர்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்கிறேன். மற்ற இடமெல்லாம் 'தரைத்தேடல் குழு'. அத்தியாயத் தொடக்கத்தில் மட்டும் 'மீட்பு' சேரும். நான்கு பேர் இதற்குச் சரி என்று தனிமடலில் சொல்லிவிட்டார்கள். எனக்கும் அலுத்துவிட்டது, இன்றிரவு அனுப்புகிறேன்.

---

பெரும்பான்மை சொல்லலாம், 'தரை' தமிழாகிவிடாது. என் மறுப்பு பதிவில் இருக்கட்டும்.

---

அக்கா, அனுப்பமுதல் ஒன்று. உங்கள் முதல் மடலில் 'காணாமல் போனவர்கள்' என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் சனத்துக்கு அந்தச் சொல் வேறு. படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தாய்மார் இன்னும் தெருவோரம் இருக்கினம். புத்தகம் முழுக்க 'வழிதவறியவர்' என்று மாற்ற முடியுமா?

---

மாற்றுகிறேன், தம்பி. வெள்ளி காலை வரை நேரம் இருக்கிறது.