உதவி: ஃபயர் அகாடமி விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது, அடுத்த வெள்ளி கடைசி நாள்

மல்லிகா_ஈஸ்ட்பே (செவ்வாய், இரவு 11:40)
எல்லாருக்கும் வணக்கம், அவசரம். பையன் கம்யூனிட்டி காலேஜ் ஒன்றின் ஃபயர் அகாடமிக்கு, அதாவது தீயணைப்பு வீரர் பயிற்சிக்கு, விண்ணப்பித்திருந்தான். கேட்டதையெல்லாம் கொடுத்தாகிவிட்டது. இன்று "முன்தகுதி சரிபார்க்கப்படவில்லை" என்று மெயில் வந்திருக்கிறது. என்ன குறை என்று ஒரு வார்த்தை இல்லை. நான் போன் செய்து கேட்டால் "உங்களிடம் பேச முடியாது" என்று வைத்துவிட்டார்கள். பணம் கட்டுவது நாங்கள், எங்களிடம் பேச மாட்டார்களாம். பையன் நன்றாகப் படிப்பான், உடம்பும் நல்ல உடம்பு. யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா? சீக்கிரம் சொல்லுங்கள்.

குறுமிளகு (செவ்வாய், இரவு 11:52)
எந்தக் கல்லூரி அக்கா? கலிஃபோர்னியா என்று பெயரை வைத்து ஊகிக்கிறேன். என்னென்ன கேட்டார்கள், என்னென்ன கொடுத்தீர்கள் என்று எழுதினால்தான் ஏதாவது சொல்ல முடியும்.

தட்டாம்பூச்சி (புதன், காலை 6:15)
இது நிச்சயமாக ரெசிடென்சி பிரச்சினை. எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. கலிஃபோர்னியாவில் ஒரு வருடமும் ஒரு நாளும் இருந்ததற்கு ஆதாரம் கொடுக்காவிட்டால் வெளிமாநிலக் கணக்கில் போட்டுவிடுவார்கள். உள்ளூர்க்காரர்களுக்குப் படிப்புக் கட்டணம் யூனிட்டுக்கு 46 டாலர், மற்றவர்களுக்கு அதைப்போலப் பல மடங்கு. கரண்ட் பில், டிரைவர் லைசென்ஸ், வரி தாக்கல் செய்த பேப்பர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள்.

சேக்ரமெண்டோ_சித்தப்பா (புதன், காலை 7:02)
மாதம் ஒருமுறை இந்தக் கேள்வி வருகிறது. மேலே தேடும் பெட்டி ஒன்று இருக்கிறது, அழகுக்காக வைத்ததில்லை. முதலில் அடிப்படை. கம்யூனிட்டி காலேஜ் என்றால் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்பது மற்ற வகுப்புகளுக்கு. ஃபயர் அகாடமிக்குத் தனி விண்ணப்பம், தனி முன்தகுதி. கல்லூரியின் பக்கத்தில் பட்டியலே போட்டிருப்பார்கள். அதைப் படித்தீர்களா, பையன் படித்தானா? விசா என்ன? வயது என்ன? இதெல்லாம் சொல்லாமல் "என்ன குறை" என்றால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

மல்லிகா_ஈஸ்ட்பே (புதன், காலை 8:30)
கிரீன் கார்டு வந்து மூன்று வருடம் ஆகிறது. வயது 20. இங்கேயே ஹைஸ்கூல் முடித்தான், ரெசிடென்சி எல்லாம் சரியாக இருக்கிறது. இ.எம்.டி. (அவசர மருத்துவ உதவியாளர்) முடித்துவிட்டான், ஏ கிரேடு. ஃபயர் டெக்னாலஜி வகுப்புகளும் முடித்தான். அந்தப் படி ஏறுகிற டெஸ்டும் பாஸ்.

ஆம்புலன்ஸ்காரன் (புதன், காலை 9:10)
அக்கா, "இ.எம்.டி. முடித்துவிட்டான்" என்றால் வகுப்பை முடித்தானா, அல்லது கையில் கார்டு இருக்கிறதா? இரண்டும் ஒன்றல்ல. நான் கேட்பதற்குக் காரணம் உண்டு, அவனிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

ஒத்தையடி (புதன், காலை 9:25)
படி ஏறுகிற டெஸ்ட் என்றால் சிபேட்தானே? எந்தத் தேதியில் எடுத்தான்? அந்தக் கார்டு 12 மாதம்தான் செல்லும். பலரும் இங்கேதான் மாட்டுகிறார்கள். 19 வயதில் உற்சாகமாகப் போய் எடுத்துவிடுவார்கள், விண்ணப்பிக்கும்போது தேதி முடிந்திருக்கும். எனக்குத் தெரிந்து இதுதான் காரணமாக இருக்கும்.

பழையசோறு (புதன், காலை 9:31)
சிபேட் என்றால் என்ன? தெரியாமல் கேட்கிறேன், என் தம்பி மகனும் இதே ஆசையில் இருக்கிறான்.

ஒத்தையடி (புதன், காலை 9:58)
உடல்திறன் தேர்வு. எட்டு வேலைகள், மொத்தம் 10 நிமிடம் 20 விநாடி, பாஸ் அல்லது ஃபெயில் மட்டும், மதிப்பெண் கிடையாது. 50 பவுண்டு எடை கட்டிய அங்கியைப் போட்டுக்கொண்டே எல்லாம் செய்ய வேண்டும். முதல் வேலை படி ஏறுவது. அதற்கு மட்டும் தோளில் இன்னும் 25 பவுண்டு வைப்பார்கள். நிமிடத்துக்கு 60 படி வேகத்தில் மூன்று நிமிடம், கைப்பிடியைப் பிடிக்கக் கூடாது. பலபேர் அங்கேயே விழுந்துவிடுவார்கள். அப்புறம் ஹோஸ் இழுப்பது, ரம்பங்களைத் தூக்கி நடப்பது, ஏணி நிமிர்த்துவது, கதவு உடைப்பது, இருட்டுக் குகையில் தவழ்வது, 165 பவுண்டு பொம்மையை இழுப்பது, கடைசியாகக் கூரையை இடித்து இழுப்பது. நான் முதல் தடவை கூரையில் நேரம் போதாமல் தோற்றேன். கையை மேலே தூக்கவே முடியவில்லை. ஜிம்மில் எவ்வளவு தூக்கினாலும் காலும் மூச்சும் தளராமல் இருக்கப் பழகாவிட்டால் பிரயோசனமில்லை. எல்லாக் கல்லூரியும் சிபேட் கேட்பதில்லை, சில இடங்களில் பிடில் என்று வேறு தேர்வு.

வடைமாலை (புதன், காலை 10:20)
தப்பாக நினைக்காதீர்கள் மேடம். நன்றாகப் படிக்கிற பையன் என்கிறீர்கள். கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்துவிட்டால் என்ன? தீயில் போய் விழுகிற வேலைக்கு ஏன் இவ்வளவு பாடு?

நெல்லைக்காரி (புதன், காலை 10:33)
கேட்டது ஒன்று, நீங்கள் சொல்வது ஒன்று. போன வருடம் எங்கள் தெருவில் மட்டும் கம்ப்யூட்டர் படித்த மூன்று பேருக்கு வேலை போனது. தீயணைப்பு நிலையத்தை யாரும் பெங்களூருக்கு மாற்ற முடியாது.

மல்லிகா, உங்களிடம் ஏன் பேசவில்லை என்பதற்கு மட்டும் பதில். ஃபெர்பா என்று 1974-ஆம் வருடச் சட்டம். கல்லூரியில் சேர்ந்த நாள் முதல் படிப்பு விவரங்கள் மாணவனுக்கே சொந்தம், வயது என்னவாக இருந்தாலும். பணம் யார் கட்டினாலும் அப்படித்தான். அவனே கூப்பிடட்டும். நாளை தேங்க்ஸ்கிவிங், வெள்ளியும் மூடியிருப்பார்கள். இன்று மதியத்துக்குள் பேசாவிட்டால் திங்கள்தான்.

மல்லிகா_ஈஸ்ட்பே (புதன், காலை 11:05)
அவன் தூங்குகிறான், எழுந்ததும் சொல்கிறேன். சிபேட் ஏப்ரலில்தான் எடுத்தான். இன்னொரு சந்தேகம். சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறான், தாடியோடுதான் விண்ணப்பத்தில் போட்டோ வைத்தான். அதனால் ஏதாவது இருக்குமா?

சேக்ரமெண்டோ_சித்தப்பா (புதன், காலை 11:20)
விண்ணப்பத்தை யாரும் தாடியைப் பார்த்துத் திருப்ப மாட்டார்கள். ஆனால் அகாடமி தொடங்கும்போது தாடி இருக்கக் கூடாது. மூச்சுக் கருவியின் முகமூடி தோலோடு ஒட்ட வேண்டும், நடுவில் முடி இருந்தால் புகை உள்ளே வரும். இது கல்லூரி வைத்த விதி இல்லை, ஓஷா என்கிற வேலையிடப் பாதுகாப்புத் துறையின் விதி. பெற்றோர்களுக்கு இதைக்கூட நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வடைமாலை (புதன், காலை 11:41)
விரதத்தில் சவரம் செய்யச் சொல்வது எந்த ஊர் நியாயம்? மத நம்பிக்கைக்கு விலக்கு உண்டே.

ஒத்தையடி (புதன், மதியம் 12:04)
நெருப்புக்கு மத நம்பிக்கை கிடையாது அண்ணே. நியூயார்க்கில் தோல் பிரச்சினையால் மழிக்க முடியாத தீயணைப்பு வீரர்கள் தாடிக்காக வழக்குப் போட்டார்கள். 2021-இல் மேல்முறையீட்டில் நகரத்துக்குத்தான் தீர்ப்பு வந்தது. முகமூடி ஒட்டுகிற இடத்தில் முடி இருக்கக் கூடாது, அவ்வளவுதான். மீசை வைத்துக்கொள்ளலாம், அதுவும் உள்ளே அடங்கினால்.

வடைமாலை (புதன், மதியம் 12:15)
அது தோல் வியாதி. இது விரதம். இரண்டையும் எப்படி ஒன்றாக்குகிறீர்கள்?

நெல்லைக்காரி (புதன், மதியம் 12:30)
சண்டையே வேண்டாம். கார்த்திகை ஒன்றில் போட்ட மாலை, 41 நாள் மண்டலம், டிசம்பர் கடைசி வாரத்தில் முடிந்துவிடும். இங்கே கோயிலிலேயே இருமுடி கட்டி இறக்கிவிட்டு ஜனவரியில் வகுப்புக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். மகரவிளக்கு வரை வைத்திருக்க வேண்டும் என்றால் குருசாமியைக் கேளுங்கள், இங்கே கேட்டால் ஆளுக்கொரு சாஸ்திரம் சொல்வார்கள்.

குறுமிளகு (புதன், மதியம் 12:34)
தாடியை விட்டுவிட்டு விண்ணப்பத்துக்கு வரலாமா? ஆம்புலன்ஸ்காரன் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை.

மல்லிகா_ஈஸ்ட்பே (புதன், மதியம் 1:50)
எழுந்துவிட்டான். இ.எம்.டி.க்கு வகுப்பு முடித்த சான்றிதழைத்தான் பதிவேற்றினானாம். கார்டு என்று ஒன்று இருக்கிறதா என்று என்னையே திருப்பிக் கேட்கிறான். ஆகஸ்டில் ஏதோ இணையதளத்தில் கணக்கு தொடங்கினானாம், அப்புறம் ஒன்றும் வரவில்லை என்கிறான்.

ஆம்புலன்ஸ்காரன் (புதன், மதியம் 2:20)
அதுதான் அக்கா. நான் காலையில் சந்தேகப்பட்டது இதையே. பொறுமையாகப் படியுங்கள், அவனையும் படிக்கச் சொல்லுங்கள்.

வகுப்பு முடித்த சான்றிதழ் என்பது தேர்வு எழுதத் தகுதி வந்தது என்பதற்கு மட்டும் ஆதாரம். அதற்குப் பிறகு தேசியப் பதிவேட்டின் கணினித் தேர்வு இருக்கிறது, எல்லாரும் நேஷனல் ரெஜிஸ்ட்ரி என்பார்கள். அதில் பாஸ் ஆனாலும் கலிஃபோர்னியாவில் இ.எம்.டி. ஆகிவிட முடியாது. கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அவசர மருத்துவச் சேவை அலுவலகத்தில் விண்ணப்பித்து, லைவ் ஸ்கேனில் கைரேகை கொடுத்து, பின்னணி சரிபார்த்த பிறகுதான் கார்டு வரும். அது இரண்டு வருடம் செல்லும். பெரும்பாலான அகாடமிகள் கேட்பது இந்தக் கார்டை. ஏ கிரேடு வாங்கிய பையன் இதைக் கவனிக்காமல் விட்டது ஆச்சரியமில்லை. எங்கள் பேட்சில் பாதிப்பேர் கடைசி வகுப்பு முடிந்ததும் பீட்சா சாப்பிட்டுவிட்டு எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குப் போனார்கள்.

"ஒன்றும் வரவில்லை" என்பதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, தேர்வுக் கட்டணம் கட்டவில்லை. இன்னொன்று, அவன் வகுப்பை முடித்தான் என்று இ.எம்.டி. வகுப்பின் பொறுப்பாளர் அதே தளத்தில் உறுதி செய்யவில்லை. அவர் பட்டனை அழுத்தாவிட்டால் தேர்வு அனுமதி வராது. நாட்கணக்காக உட்கார்ந்திருந்தாலும் வராது. இன்றே அவருக்கு ஒரு மெயில் போடச் சொல்லுங்கள், முழுப் பெயர், வகுப்பு எடுத்த பருவம், பதிவேட்டு எண் எல்லாம் வைத்து. அனுமதி வந்தால் 90 நாளுக்குள் தேர்வு எழுத வேண்டும், தேதியைப் பியர்சன் வியூ மையத்தில் பிடிக்கலாம். வகுப்பு முடித்து இரண்டு வருடத்துக்குள் பாஸ் ஆகாவிட்டால் வகுப்பை மறுபடியும் படிக்க வேண்டியிருக்கும். அந்தப் பயம் இப்போது இல்லை.

வெள்ளிக்குள் கார்டு வருவது கஷ்டம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். தேர்வு முடிவு ஓரிரு வேலை நாளில் வந்துவிடும், கைரேகையும் கவுண்டியும்தான் இழுக்கும். திங்கள் காலை அவனே அகாடமி ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிட்டு, தேர்வுத் தேதியைக் காட்டினால் போதுமா, வகுப்பு தொடங்கும் நாளுக்குள் கார்டு கொடுத்தால் போதுமா என்று கேட்கட்டும். சில இடங்களில் ஒத்துக்கொள்வார்கள், சில இடங்களில் கதவை மூடிவிடுவார்கள்.

தட்டாம்பூச்சி (புதன், மதியம் 2:41)
எதற்கும் ரெசிடென்சியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சேக்ரமெண்டோ_சித்தப்பா (புதன், மாலை 4:10)
நான் முதலிலேயே சொன்னேன், பட்டியலைப் படியுங்கள் என்று. இன்னொன்றும் யோசிக்க வேண்டும். அகாடமி முடித்தால் வேலை என்று எழுதிக் கொடுப்பதில்லை. பெரிய துறைகள் பல, ஆளை எடுத்த பிறகு சம்பளம் கொடுத்துத் தங்கள் அகாடமியிலேயே பயிற்சி கொடுக்கின்றன. சொந்தக் காசில், ஹெல்மெட்டும் பூட்ஸும் வாங்கிக்கொண்டு, மாதக்கணக்கில் விடியற்காலை ஓடுவது எதற்கு?

ஒத்தையடி (புதன், மாலை 4:35)
சித்தப்பா, ஃபயர்ஃபைட்டர் 1 என்கிற அடிப்படைச் சான்றிதழ் இருந்தால்தான் விண்ணப்பமே ஏற்போம் என்கிற துறைகளும் இருக்கின்றன. நான் சொந்தக் காசில்தான் போனேன். வருத்தமில்லை. அந்தச் சில மாதத்தில் எனக்கு இந்த வேலை ஒத்துவரும் என்று தெரிந்தது, என் நண்பனுக்கு ஒத்துவராது என்று தெரிந்தது. இரண்டாம் வாரம் கண்ணை மறைத்து முகமூடியோடு சுவர் இடுக்கில் நுழையச் சொன்னபோது அவன் வெளியே வந்துவிட்டான். இப்போது பாராமெடிக், சந்தோஷமாக இருக்கிறான்.

சேக்ரமெண்டோ_சித்தப்பா (புதன், மாலை 4:50)
ஒருவர் அனுபவத்தை வைத்து விதி எழுத முடியாது.

நெல்லைக்காரி (புதன், மாலை 4:52)
நீங்கள் எழுதுவதும் ஒருவர் அனுபவம்தானே சித்தப்பா?

மல்லிகா_ஈஸ்ட்பே (அடுத்த செவ்வாய், இரவு 9:15)
பொறுப்பாளர்தான் உறுதி செய்யாமல் விட்டிருந்தார். நேற்று செய்துவிட்டார். பணமும் கட்டியாகிவிட்டது. வியாழன் தேர்வு. அகாடமியில் அவனே பேசினான், என்ன சொன்னார்கள் என்று என்னிடம் சொல்லவில்லை. ஆம்புலன்ஸ்காரன் தம்பிக்கு ரொம்ப நன்றி.

மல்லிகா_ஈஸ்ட்பே (வியாழன், மதியம் 12:20)
எழுதிவிட்டு வந்துவிட்டான். 70 கேள்வியில் கணினி நின்றுவிட்டதாம். முகம் சரியில்லை. நல்லதா கெட்டதா?

ஆம்புலன்ஸ்காரன் (வியாழன், மதியம் 12:48)
இரண்டாகவும் இருக்கலாம் அக்கா. 70 முதல் 120 வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கும். ஆளின் நிலை உறுதியாகத் தெரிந்தவுடன் நிறுத்திவிடும், பாஸ் கோட்டுக்கு மேலேயோ கீழேயோ. நாளை பார்ப்போம். சாப்பிடச் சொல்லுங்கள்.

குறுமிளகு (அடுத்த திங்கள், காலை 8:05)
என்ன ஆச்சு அக்கா?

மல்லிகா_ஈஸ்ட்பே (அடுத்த திங்கள், இரவு 10:30)
பாஸ். கைரேகை கொடுத்துவிட்டான். இந்தத் தடவை சேர்க்க முடியாது, கார்டோடு அடுத்த பேட்சுக்கு விண்ணப்பிக்கச் சொல்லிவிட்டார்கள். நான் இனி யாருக்கும் போன் செய்யக் கூடாதாம், உத்தரவு. மாலை மகரவிளக்கு வரை இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

பழையசோறு (அடுத்த செவ்வாய், காலை 7:44)
ரொம்ப சந்தோஷம் மேடம். தம்பி மகனுக்காகக் கேட்கிறேன், அது எந்தக் கல்லூரி? கடைசி வரை சொல்லவேயில்லையே.