விமர்சனக் கோட்பாட்டுக்குக் காரைக்குடியில் என்ன வேலை?

காரைக்குடி மாணவன்:
வணக்கம். முதுகலைப் பாடத்தில், விமர்சனக் கோட்பாட்டை உருவாக்கிய ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் சிந்தனையாளர்களைப் படித்து வருகிறேன். ஒரு கோட்பாடு உலகை உள்ளபடி விளக்குவதோடு நில்லாமல், மனிதரை அடக்கி வைத்திருக்கும் நிலைமைகளிலிருந்து அவர்களை விடுவிக்க முயல வேண்டும் என்று 1937-இல் அவர்களுள் ஒருவரான ஹோர்க்ஹைமர் எழுதியது பிடித்திருந்தது. ஆனால் சென்ற வாரம் செக்காலையில் ஒரு தேநீர்க்கடையில், வடமாநிலத் தொழிலாளர் வந்துதான் நம் கூலி குறைந்தது என்று பேச்சு சூடேறியபோது, படித்ததில் ஒரு வரிகூட வாய்க்கு வரவில்லை. நாசிகள் காலத்து எழுத்தில் நம் அரசியலுக்கு ஏதாவது உண்டா?

தேவகோட்டை ஆசிரியர்:
உண்டு, தம்பி. தொழிலாளிக்குத் தன் உழைப்பு சுரண்டப்படுவது ஆலைக்குள் தெரிவதில்லை. கடையில் விலை கேட்கும்போதுதான் கூலியின் சிறுமை உறைக்கிறது. ஆகவே கோபம் முதலாளியை விட்டுவிட்டு விலை சொல்பவன்மேல் பாய்கிறது. யூதர்களை வணிகராகவே கண்ட யூத வெறுப்பைப் பற்றி, அதே பிராங்க்ஃபர்ட் குழுவின் அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் 1940-களில் சொன்னவற்றுள் இது ஒன்று. இதை நம்மூர்க் கதையோடு, பர்மா உழவர்களுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்த நம் செட்டியார்களின் கதையோடு, சேர்த்துப் படியுங்கள். 1930-இல் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 6 சதவீத நிலம் செட்டியார்கள் வசமிருந்தது. 1938-இல் அது 25 சதவீதம். 1930-களின் உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்து, கடன் பணமாகத் திரும்ப வேண்டியவருக்கு மண்ணாகத் திரும்பியது. உலகச் சந்தையும் ஆங்கிலேய அரிசி ஆலைகளும் உழவன் கண்ணில் படவில்லை, பெட்டகத்தின் முன் அமர்ந்திருந்த மேலாள்தான் (செட்டியாரின் தலைமை முகவர்) பட்டார். 1930 மே மாதம் ரங்கூன் கலவரத்தில் வெட்டுப்பட்டவர்களோ வட்டிக்கு விட்டவர்கள்கூட அல்லர். துறைமுகத்தில் மூட்டை சுமந்த தெலுங்குக் கூலிகள்.

கானாடுகாத்தான் வாசகர்:
ஆசிரியர் ஐயா சொல்வதில் எனக்கு ஒரு தயக்கம். எங்கள் பாட்டையா மூன்றாண்டுக் கணக்கில் கொண்டுவிக்க (கடல்கடந்து தொழில் செய்ய)ப் போய், பர்மாவின் மோல்மேனில் அடுத்தாளாக, அதாவது மேலாளுக்கு அடுத்த நிலையில், இருந்தவர். கடன் பத்திரத்தில் உழவனின் கைநாட்டை வாங்கியவர் அவர்தான். எல்லாம் அமைப்பின் செயல் என்று சொல்லி அவரை விடுவித்துவிட்டால், அந்தக் கோட்பாடு நமக்கு வசதியானதாகிவிடும். பண்பாட்டின் ஒவ்வோர் ஆவணமும் காட்டுமிராண்டித்தனத்தின் ஆவணமும் ஆகும் என்று ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் 1940-இல் எழுதினார். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலக மரபிடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. எங்கள் வளவு வீட்டைப் பார்க்க வருவோரும் முகப்புத் தூணைத் தடவிப் பார்த்து, இது பர்மாத் தேக்கா என்று கேட்கிறார்கள். தேக்கு வாங்கிய பணம் எந்த வயலில் விளைந்தது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. (நாங்களாகச் சொன்னதும் இல்லை.)

தேவகோட்டை ஆசிரியர்:
ஒப்புக்கொள்கிறேன். கைநாட்டு வாங்கிய கைக்கும் பொறுப்பு உண்டு. அந்தக் கையின் சாதியையோ மொழியையோ காரணமாக்குவதைத்தான் மறுக்கிறேன். தம்பி, தேநீர்க்கடையில் அடோர்னோ பெயரை எடுக்க வேண்டாம். நாள் கூலியை யார் முடிவு செய்கிறார், ஆள் பிடித்து வரும் மேஸ்திரி தலைக்கு எவ்வளவு எடுத்துக்கொள்கிறார் என்று மட்டும் கேளுங்கள்.

காரைக்குடி மாணவன்:
நேற்றுக் கேட்டேன், ஐயா. அன்று அதிகம் பேசிய கொத்தனார் கொஞ்ச நேரம் கண்ணாடிக் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அந்த மேஸ்திரி தம் மைத்துனர் என்றார்.