ஏழு கிலோவுக்குள் எந்த முதுகுப்பை?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அடுத்த மாதம் கோவையிலிருந்து தில்லிக்கு விமானத்தில் போகிறேன். ஐந்து நாள் வேலை. இறங்கியதும் பெட்டிக்காகக் காத்து நிற்க விருப்பமில்லை. விமானத்துக்குள்ளேயே எடுத்துப் போகும் கைப்பையோடு மட்டும் போக வேண்டும். ஆஸ்ப்ரே ஃபார்பாயிண்ட் 40, பீக் டிசைன் 45 லிட்டர், இரண்டில் எதை வாங்கலாம்?

கொல்லங்கோடு அக்கா:
இரண்டும் வேண்டாம் தம்பி. லிட்டரைப் பார்த்தீர்கள், பையின் சொந்த எடையைப் பார்க்கவில்லை. உள்நாட்டு விமானங்களில் சாதாரண டிக்கெட்டுக்குக் கைப்பை பெரும்பாலும் 7 கிலோதான். பீக் டிசைன் வெறும் பையே இரண்டு கிலோ. ஏழில் இரண்டைப் பைக்கே தாரை வார்ப்பதா? ஒரு கிலோவுக்குள் இருக்கும் 30 லிட்டர் பை பாருங்கள். ஐந்து நாளுக்கு மூன்று சட்டை போதும். ஒன்றை இரவில் துவைத்துக்கொள்ளலாம்.

வாளையாறு வாசி:
அக்கா சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பயணம் விமான நிலையத்திலா தொடங்குகிறது? அவர் கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறி, வேலந்தாவளம் தாண்டி, கோவை உக்கடத்தில் இறங்கி, விமான நிலையம் இருக்கும் பீளமேட்டுக்கு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். இடம் கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே போக வேண்டும். போன வருடம் இடுப்புப் பட்டை இல்லாத மெல்லிய பையோடு நானும் அப்படிப் போனேன். வார் தோளைக் கயிறு போல அறுத்தது. ஊர் திரும்பிய பிறகும் இரண்டு நாள் இடது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. பட்டையை இடுப்பெலும்பின் மேல் வைத்து இறுக்கிப் பாருங்கள்; சுமை தோளை விட்டு இறங்குவது அந்த நொடியே தெரியும். ஃபார்பாயிண்ட் சுமார் 1.6 கிலோதான். வாரையும் பட்டையையும் முதுகுப்புற மடிப்புக்குள் செருகி ஜிப் போட்டு மூடிவிடலாம்.

கொல்லங்கோடு அக்கா:
பட்டை பன்னிரண்டு, பதினைந்து கிலோ தூக்கி மலை ஏறுகிறவர்களுக்கு. ஏழு கிலோவுக்கு எதற்கு? நீங்கள் பையை அடுக்கிய விதத்தில்தான் கோளாறு என்று நினைக்கிறேன். மடிக்கணினி முதுகை ஒட்டி இருக்க வேண்டும்; வெளிப்பக்கம் வைத்தால் பை பின்னுக்கு இழுக்கும். பீக் டிசைனில் இன்னொரு சிக்கலும் உண்டு. 45 லிட்டருக்கு விரித்தால் தடிமன் 25 செ.மீ.யைத் தாண்டும். நீளம் 55, அகலம் 35, தடிமன் 25 மூன்றையும் கூட்டினால் 115 செ.மீ.; இங்கே பரவலாக இருக்கும் வரம்பு அதுதான்.

பாலக்காட்டுச் சித்தூர் தையற்கடை:
பை தைப்பதும் பழுது பார்ப்பதும் எனக்கு 22 வருடத் தொழில். எடையை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். என்னிடம் வரும் பைகளில் துணி கிழிந்தது குறைவு. தோள்வார் பிடுங்கிக்கொண்டதும் ஜிப் பல் விட்டதுமே அதிகம். கடையில் ஆயிரம் டெனியர் என்பார்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதுதான் டெனியர். நூலின் தடிப்பை அது சொல்லும். தையலைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பையின் உட்பக்கத்தை வெளியே புரட்டுங்கள். தோள்வார் சேரும் இடத்தில் சதுரமாகத் தைத்து, நடுவில் பெருக்கல் குறி போலக் குறுக்குத் தையல் ஓடியிருக்க வேண்டும். துணி ஓரத்தை நாடா வைத்து மூடியிருக்க வேண்டும். மூடாத ஓரம் பிசிறு பிசிறாகப் பிரிந்து, ஒரு நாள் தையலோடு கையில் வந்துவிடும். நான் பார்த்த ஒரு கிலோப் பைகள் பலவற்றில் அந்த நாடா இல்லை.

கொல்லங்கோடு அக்கா:
நாடா விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. என் பையை இப்போதுதான் புரட்டிப் பார்த்தேன். இருக்கிறது. ஆறு வருடமாக உழைக்கிறது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
பக்கத்து அரிசிக்கடைத் தராசில் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தேன். மடிக்கணினியும் சார்ஜரும் 2.1 கிலோ, துணியும் செருப்பும் 2.4, பவர்பேங்க், சவரச் சாமான் எல்லாம் சேர்த்து 0.6. மொத்தம் 5.1. பீக் டிசைன் அங்கேயே அடிபட்டுவிட்டது. ஃபார்பாயிண்ட் என்றால் 6.7. வாளையாறு அண்ணன் சொன்ன பஸ் வழியில்தான் நானும் போக வேண்டும். உட்புறத் தையலைப் பார்த்துவிட்டு அதையே வாங்குகிறேன்.

கொல்லங்கோடு அக்கா:
மிச்சம் 300 கிராம். தில்லியில் அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கினால் எங்கே வைப்பீர்கள்?

வாளையாறு வாசி:
போர்த்திக்கொண்டு ஏறட்டும் அக்கா. தராசில் வைப்பது பையைத்தான்.