அக்ரோமேட் காட்டும் ஊதாவுக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

நம் வானியல் சொற்பட்டியலில் முடியாமல் கிடப்பது இது ஒன்றுதான். சின்ன அக்ரோமேட் (நிறப்பிழையைத் திருத்த இரண்டு வில்லை சேர்த்த) தொலைநோக்கியில் வெள்ளியையோ நிலாவின் ஓரத்தையோ பார்த்தால், அதைச் சுற்றிக் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பூச்சு தெரிகிறதே, அதை எப்படிச் சொல்வது? தேவகோட்டை அண்ணன் ‘இரண்டாம் நிறமாலை’ என்கிறார். பள்ளத்தூர் ஆச்சி ‘ஊதா வளையம்’ என்கிறார். எனக்கு இரண்டும் ஒட்டவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் எல்லாரும் சேர்ந்து அடிக்கலாம்.

அக்ரோமேட்டுக்கு நாம் ‘நிறமிலி வில்லை’ என்று எழுதி வைத்திருப்பதே முதலில் எனக்கு உறுத்தல். கிரேக்க மூலத்துக்கு நேர்ப்பொருள் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் புதிதாகத் தொலைநோக்கி வாங்கிய பிள்ளை ‘நிறமிலி’ என்று படித்துவிட்டு வெள்ளியைச் சுற்றி ஊதாவைப் பார்த்தால், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் நினைக்கும்.

ஒற்றை வில்லையில் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு தூரத்தில் குவியும். பதினேழாம் நூற்றாண்டில் இதைச் சமாளிக்கக் குழாயை நீட்டிக்கொண்டே போனார்கள். ஹெவீலியஸ் செய்த ஒன்று 150 அடி நீளம். நியூட்டன் வில்லையே வேண்டாம் என்று 1668-இல் ஆடி வைத்த தொலைநோக்கி செய்துகொண்டார். 1733 வாக்கில் செஸ்டர் மூர் ஹால் கிரவுன் கண்ணாடியில் குவிவில்லை, ஃபிளிண்ட் கண்ணாடியில் குழிவில்லை என்று இரண்டைச் சேர்த்துப் பார்த்தார். 1758-இல் ஜான் டாலண்ட் அதற்குக் காப்புரிமை வாங்கினார். நம் கையில் இருக்கும் 70 மி.மீ., 80 மி.மீ. கருவிகள் எல்லாம் அந்த வம்சம்தான்.

இந்த இரட்டை வில்லை செய்யும் வேலை இவ்வளவுதான்: 656 நானோமீட்டர் சிவப்பையும் 486 நானோமீட்டர் நீலத்தையும் ஒரே இடத்தில் குவிக்கிறது. மஞ்சள் கலந்த பச்சை அதற்குச் சற்று முன்னால் குவியும். இடைவெளி குவியத்தூரத்தில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. ஊதா இன்னும் பின்னால் போய் நிற்கும். நாம் கண்ணுக்குப் பிரகாசமான மஞ்சள்பச்சையைக் கூர்மையாக வைத்துத்தான் ஃபோகஸ் செய்கிறோம். அப்போது குவியாமல் விரிந்து கிடக்கும் ஊதாதான் அந்தப் பூச்சு.

கணக்கைப் பாருங்கள், சொல்லுக்கும் அது உதவும். 80 மி.மீ. விட்டம், 400 மி.மீ. குவியத்தூரம் உள்ள கட்டைக்குழாயில் அந்த இடைவெளி 0.2 மி.மீ. குவிய விகிதம் (குவியத்தூரத்தை விட்டத்தால் வகுத்தது) 5 என்பதால், படம் கெடாமல் ஃபோகஸ் பொறுத்துக்கொள்ளும் அளவு முன்னும் பின்னும் 0.03 மி.மீ. கூட இல்லை. இடைவெளி அதைப்போல ஏழு மடங்கு. 70 மி.மீ., 700 மி.மீ. குழாயில் இடைவெளி 0.35 மி.மீ. ஆகக் கூடுகிறது. ஆனால் விகிதம் 10 என்பதால் பொறுக்கும் அளவும் 0.11 ஆகிவிடும். மூன்று மடங்குதான். 60 மி.மீ., 900 மி.மீ. பழைய நீளக்குழாயில் இரண்டு மடங்குகூட இல்லை. ஆக, ஊதா எந்த அக்ரோமேட்டிலும் ஒழிவதில்லை. குழாய் நீள நீளக் கண்ணை உறுத்தாமல் அடங்குகிறது.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். ‘இரண்டாம் நிறமாலை’ ஆங்கிலத்தின் நேர்மொழிபெயர்ப்பு. அண்ணே, நம்மில் சிலர் ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கீற்றணி மாட்டி நட்சத்திர நிறமாலை எடுக்கிறோம். அங்கே ‘இரண்டாம் வரிசை நிறமாலை’ என்று வேறொன்று ஏற்கெனவே இருக்கிறது. பட்டியலில் இரண்டும் அடுத்தடுத்து வந்தால் குழப்பம் நிச்சயம். ‘ஊதா வளையம்’ அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அது வளையம் இல்லை. வளையம் என்ற சொல்லை விளிம்பு விளைவால் (ஒளி விளிம்பில் வளைவதால்) நட்சத்திரத்தைச் சுற்றித் தெரியும் மெல்லிய கோடுகளுக்குக் கொடுத்துவிட்டோம். போதாக்குறைக்குக் கேமராவில் ஊதாவோடு ஆழ்சிவப்பும் சேர்ந்து கசியும். நிறத்தின் பெயரைச் சொல்லில் பூட்டினால் பிறகு அவிழ்க்க வேண்டியிருக்கும்.

நான் சொல்வது ‘எச்சநிறம்’. திருத்தியதுபோக மிஞ்சியது என்ற பொருள் நேராக வந்துவிடுகிறது.

காரைக்குடியிலிருந்து

*

தம்பி,

கணக்கு சரி. கீற்றணி விஷயமும் நியாயம், என் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் எச்சம் என்றால் நம் ஊரில் மொட்டை மாடியில் காக்கை போட்டுவிட்டுப் போவது. பள்ளிக்கூடத்தில் போய் “வெள்ளியைச் சுற்றி எச்சநிறம் பாருங்கள்” என்று சொன்னால் பிள்ளைகள் வில்லையைத் துடைக்கக் கிளம்பிவிடுவார்கள்.

இன்னொன்று. நான் பல வருடமாக என் கருவியில் ஊதாவே இல்லை என்று பெருமை பேசிக்கொண்டிருந்தேன். கண்புரை அறுவைக்குப் பிறகு பார்த்தால் நன்றாகவே தெரிகிறது! வயதானால் கண்ணின் வில்லை மஞ்சளித்து ஊதாவை வடிகட்டிவிடும் என்று டாக்டர் சொன்னார். ஆகவே வரையறையில் ‘பார்ப்பவர் கண்ணுக்கேற்ப மாறும்’ என்று ஒரு வரி சேர்க்கவும்.

தேவகோட்டையிலிருந்து

*

அனைவருக்கும் வணக்கம்.

காக்கைக்குப் பயந்து நல்ல வேர்ச்சொல்லை விட வேண்டாம். ‘எஞ்சுநிறம்’ என்று வையுங்கள். எஞ்சிய நிறம், எஞ்சுகின்ற நிறம், எஞ்சும் நிறம் என மூன்று காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை. ஊறுகாய் மாதிரி, நடுவில் ஒற்று மிகுமா மிகாதா என்ற தகராறும் இல்லை. ‘எஞ்சுநிறம் கூடிய குழாய்’, ‘எஞ்சுநிறம் குறைந்த குழாய்’ என்று வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன், நாக்கு தடுக்கவில்லை.

‘நிறமிலி’ பற்றிக் காரைக்குடித் தம்பி சொன்னது எனக்கும் உடன்பாடே. இரண்டு நிறத்தை ஒரே இடத்தில் குவிப்பது என்பதால் ‘இருநிறக்குவி’ என்று வைத்தால், மூன்று நிறத்தைக் குவிக்கும் அபோக்ரோமேட் தானாகவே ‘முந்நிறக்குவி’ ஆகிவிடும். 1886-இல் நுண்ணோக்கிக்காக எர்ன்ஸ்ட் அபே செய்து காட்டியது அதைத்தான்.

கோட்டையூரிலிருந்து, பள்ளி ஆசிரியர்

*

தம்பி, என் வளையத்தை எடுத்துவிட்டீர்கள், போகட்டும். எஞ்சுநிறம் எனக்குச் சம்மதம். வரையறை எழுதும்போது கீழே உள்ளதைக் கவனியுங்கள்.

நேற்று ராத்திரி சிரியஸைப் பார்த்தேன். வளவில் வைத்தால் தெற்குக் கூரை மறைக்கிறது என்று மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். 80 மி.மீ. கட்டைக்குழாயில் நட்சத்திரத்தைச் சுற்றி ஊதா நன்றாக அப்பியிருந்தது. பக்கத்தில் இருக்கும் திருவாதிரையில் கிட்டத்தட்ட இல்லை. சிவந்த நட்சத்திரத்தில் ஊதா ஒளியே குறைவு, மிஞ்சுவதற்கு என்ன இருக்கிறது? அப்புறம் முன்மூடியை மாட்டி, அதில் இருக்கும் சின்னத் துளையை மட்டும் திறந்தேன். 40 மி.மீ. ஆகிவிட்டது, விகிதம் 10. ஊதா வெகுவாக அடங்கியது. படமும் மங்கியது. 80-இல் 1.5 வில்விநாடி (ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி) இடைவெளியில் இருக்கும் இரண்டு நட்சத்திரம் பிரியும், 40-இல் 2.9 ஆகிவிடும், ஆக இரட்டை நட்சத்திரம் பார்க்க இந்த வித்தை ஆகாது. எட்டாம் எண் மஞ்சள் ஃபில்டரும் போட்டுப் பார்த்தேன். ஊதா போனது, நட்சத்திரமும் மஞ்சள் பூசிக்கொண்டது. எனக்குப் பிடிக்கவில்லை.

முக்கியமானது இது: அடிவானத்துக்குப் பக்கத்தில் வெள்ளி ஒரு பக்கம் சிவப்பும் மறுபக்கம் நீலமுமாகத் தெரிவது எஞ்சுநிறம் இல்லை. அது காற்றுமண்டலம் பட்டகம்போல ஒளியைப் பிரிப்பது. வானத்தில் அடிவானப் பக்கம் சிவப்பு, உச்சிப் பக்கம் நீலம். எவ்வளவு விலை உயர்ந்த கருவியானாலும் வரும். அதேபோல் கிரகத்தைக் காட்சியின் ஓரத்துக்குத் தள்ளினால் மட்டும் வரும் நிறம் ஐபீஸின் (கண் வைத்துப் பார்க்கும் வில்லையின்) கோளாறு, நடுவுக்குக் கொண்டுவந்தால் போய்விடும். நடுவில் வைத்தும் சுற்றிலும் சமமாக நிற்பது மட்டுமே நம் சொல்லுக்கு உரியது. இந்த மூன்றையும் கலந்து எழுதி, நல்ல வில்லையைக் குறை சொல்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

பள்ளத்தூரிலிருந்து

*

ஆச்சிக்கும் வாத்தியார் ஐயாவுக்கும் நன்றி. பட்டியலில் இப்படிப் போடுகிறேன்:

எஞ்சுநிறம்: இருநிறக்குவி வில்லையில் திருத்தத்துக்குப் பின்னும் குவியாமல் நிற்கும் நிறம். பிரகாசமான வெண்மைப் பொருள்களைச் சுற்றி, காட்சியின் நடுவிலும், எல்லாப் பக்கமும் சமமாக, பெரும்பாலும் ஊதாவாகத் தெரியும். குவிய விகிதம் கூடினால் குறையும். பார்ப்பவர் கண்ணுக்கேற்ப மாறும். காற்றுமண்டல நிறப்பிரிகையும் ஐபீஸின் ஓரநிறமும் இதில் சேரா.

வாத்தியார் ஐயா, ‘இருநிறக்குவி’யைப் பேச்சில் யாரும் சொல்லப் போவதில்லை, அக்ரோமேட் என்றுதான் சொல்வோம். எழுத்தில் இருக்கட்டும், அடைப்புக்குள் அக்ரோமேட்டையும் போட்டுவிடுகிறேன். ‘ஓரநிறம்’ என்று நானாக எழுதிவிட்டேன், அதற்கு மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். அடுத்த சொல் டயகனல் (ஒளியைத் திருப்பி ஐபீஸுக்கு அனுப்பும் துணைக்கருவி).

காரைக்குடியிலிருந்து