சுண்டெலி வளர்க்காதவர் முதுமை ஆய்வாளரா?

எலிக்கூண்டு:
நேற்று இன்னொரு இழையில் புழுத்தட்டு எழுதியதைப் படித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. முதுமை உயிரியலுக்கு வரும் மாணவர்களுக்கு உருளைப்புழுவே போதுமாம், எலிக்காக மூன்று வருடம் காத்திருப்பது இளமையைத் தொலைப்பதாம். இருபது நாளில் செத்துப்போகும் புழுவிடம் என்ன முதுமையைக் கற்பார்கள்? என்னிடம் வருபவர்கள் முதல் வருடம் கூண்டு கழுவுவார்கள். எலிக்கு முதுகு வளைவதையும் ரோமம் கொட்டுவதையும் கண்ணால் பார்த்த பிறகுதான் பிப்பெட்டைத் தொட விடுவேன். 2009-இல் வந்த, ராபமைசின் என்ற மருந்து எலியின் ஆயுளைக் கூட்டுகிறதா என்று பார்த்த ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். 600 நாள் எலிகளை வளர்த்து, அப்புறம்தான் மருந்து கொடுத்தார்கள். 600 நாள்! அந்தப் பொறுமைக்குப் பெயர்தான் பயிற்சி.

புழுத்தட்டு:
ஐயா, நான் "போதும்" என்று எழுதவில்லை, "தொடங்குவதற்குப் போதும்" என்று எழுதினேன். பாதியை விழுங்கிவிட்டுச் சண்டைக்கு வருகிறீர்கள். அந்த 600 நாளும் பொறுமையால் வந்ததல்ல. ராபமைசின் தீவனத்தில் நிலைக்காமல் சிதைந்தது. அதற்கு ஓர் உறை செய்து முடிப்பதற்குள் எலிகள் பாட்டுக்கு வயதாகிவிட்டன. தாமதமானதைத் தவம் என்று சொல்லாதீர்கள்.

எலிக்கூண்டு:
தாமதமோ தவமோ, அந்த 600 நாளும் கூண்டுக்குத் தண்ணீர் வைத்தது யார்? புழுக்காரர்களா?

கணக்குப்பிள்ளை:
இரண்டு பேருமே விட்ட ஒன்று. அந்த ஆய்வில் பெண் எலிகளுக்கு 14 சதவீதம், ஆண்களுக்கு 9 சதவீதம் ஆயுள் கூடியது என்பது 90 சதவீத எலிகள் இறந்த வயதை வைத்துச் சொன்ன கணக்கு. சராசரி ஆயுள் அல்ல. பயிற்சி என்றால் முதலில் இதைச் சொல்லிக்கொடுங்கள். புழு வளர்க்கும் தட்டின் ஓரம் ஏறிக் காணாமல் போன புழுவை இறந்த கணக்கில் எழுதிய மாணவரைப் பார்த்திருக்கிறேன். கூண்டுச் சண்டையில் கடிபட்டுச் செத்த ஆண் எலியை மூப்பால் இறந்ததாக எழுதியவரையும் பார்த்திருக்கிறேன்.

இரண்டாமாண்டு:
வணக்கம். நான் ஆய்வுப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. எந்த ஆய்வகத்தில் சேர்வது என்று அடுத்த மாதத்துக்குள் நான் முடிவு செய்ய வேண்டும். உதவித்தொகை மொத்தம் ஐந்து வருடம்தான். புழுவா எலியா, யாராவது சொல்லுங்களேன்.

எலிக்கூண்டு:
பொறு தம்பி, அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

புழுத்தட்டு:
என் முதல் ஆயுள் சோதனை பூஞ்சை பிடித்துப் பாழானது. மூன்று வாரம் போச்சு. அடுத்த திங்கட்கிழமை புதுத் தட்டுகளோடு மறுபடி தொடங்கினேன். மூன்றாம் முறை தட்டுகளை வைக்கும் பெட்டியின் வெப்பநிலை 20-இலிருந்து 25 டிகிரிக்கு ஏறி, எல்லாப் புழுவும் சீக்கிரமே செத்தன. அதுவும் ஒரு பாடம்தான். தினமும் பிளாட்டினக் கம்பியால் ஒவ்வொன்றையும் தொட்டு, அசைகிறதா இல்லையா என்று குறித்துக் குறித்தே கை பழகியது. ஒரு மாணவர் ஐந்து வருடத்தில் பத்துத் தடவை தவறு செய்து பத்துத் தடவை திருந்தலாம். எலியில் ஒரே தடவைதான். மூன்றாம் வருடம் பிழை தெரிந்தால் அவர் கதை அதோடு சரி. 1993-இல் உயிரியலாளர் சிந்தியா கென்யனின் குழு, டாஃப்-2 மரபணுவில் மாற்றம் உள்ள புழு இரண்டு மடங்கு வாழ்வதைக் காட்டியது. அதற்கு 600 நாள் தேவைப்படவில்லை.

எலிக்கூண்டு:
அது பாலூட்டிக்கும் பொருந்தும் என்று நம்பவைத்தது எது? 1996-இல் ஏம்ஸ் என்ற குள்ள வகை எலி நீண்ட நாள் வாழ்கிறது என்று காட்டிய ஆய்வு. எலி! புழுவுக்கு நுரையீரல் உண்டா? இதயம் உண்டா? அது சும்மா ஒரு குழாய்.

சொல்லாய்வன்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நீங்கள் சொல்லும் விலங்கு எலி அல்ல, சுண்டெலி. 1935-இல் மெக்கே என்ற ஆய்வாளர் உணவைக் குறைத்து ஆயுளைக் கூட்டியதுதான் எலியில். இரண்டும் வேறு வேறு இனம்.

எலிக்கூண்டு:
வந்துட்டாரய்யா. போன வருடம் "மூப்பா முதுமையா" என்று நாற்பது பதிவு போட்டு ஓர் இழையைக் கொன்றவர் நீங்கள்தானே?

சொல்லாய்வன்:
கொன்றது நானல்ல. பதில் சொல்ல முடியாமல் பூட்டியது நீங்கள்.

முனைக்குறி:
பூட்டிய பேச்சு வந்ததால் சொல்கிறேன், என் பதிவும் அதில்தான் போனது. மறுபடி எழுதுகிறேன். கேரல் கிரைடர், குரோமோசோம் முனைகளை நீட்டும் டெலோமரேஸ் நொதியைக் கண்டது 1984 கிறிஸ்துமஸ் அன்று. அப்போது அவர் உயிரியலாளர் எலிசபெத் பிளாக்பர்னின் மாணவி. பயன்படுத்தியது டெட்ராஹைமினா என்ற ஒற்றைச் செல் உயிரி. 2009-இல் நோபல். எலியும் இல்லை, புழுவும் இல்லை. கூண்டு கழுவச் சொல்லி உட்கார வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எலிக்கூண்டு:
அது முதுமை ஆய்வே அல்ல. குரோமோசோம் முனை ஆய்வு.

முனைக்குறி:
அப்போது எதுதான் முதுமை ஆய்வு? சொல்லிவிடுங்கள், தெரிந்துகொள்கிறோம்.

எலிக்கூண்டு:
600 நாள் ஓர் உயிர் கிழடு தட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது.

புழுத்தட்டு:
மறுபடியும் 600! வயதான சுண்டெலிதான் வேண்டுமென்றால், அமெரிக்காவின் தேசிய முதுமை நிறுவனம் அதற்கென்றே வளர்த்து ஆய்வாளர்களுக்குக் கொடுக்கிறது. மாணவர் காத்திருக்க வேண்டியதே இல்லை.

எலிக்கூண்டு:
வாங்கிவந்த கிழட்டு எலியா? அதன் இளமையை யார் பார்த்தது? கருப்பு எலிக்குத் தோல்புண் எப்போது வந்தது, எந்த வாரம் எடை இறங்கத் தொடங்கியது, எந்த நிலையில் இனி வதைக்காமல் கருணையோடு முடித்துவிடலாம் என்று தீர்மானிப்பது, இதெல்லாம் பெட்டியில் வராது. என் கண் முன்னே ஒரு தொகுதி முழுக்க மூன்று வருடம் வாழ்ந்து முடிந்தது. கடைசி எலி செத்த அன்று ஆய்வகத்தில் யாரும் பேசவில்லை. அதை எந்தப் புழுத்தட்டும் கற்றுத்தராது. ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கும்போது கட்டுரையைத்தானே எண்ணுகிறார்கள்? மூன்று மாதத்துக்கு ஒன்று எழுதும் புழுக்காரர்களுக்கு நாற்காலி, எங்கள் பிள்ளைகளுக்குக் கூண்டு.

புழுத்தட்டு:
ஆக, கோபம் நாற்காலி மேலா? சரி, ஒன்று கேட்கிறேன். உங்களிடம் கூண்டு கழுவியவர்களில் எத்தனை பேர் இன்றைக்கும் இந்தத் துறையில் இருக்கிறார்கள்?

எலிக்கூண்டு:
கூண்டு கழுவத் தெரிந்தவன் எங்கே போனாலும் பிழைப்பான்.

கணக்குப்பிள்ளை:
அது எண் அல்ல.

இரண்டாமாண்டு:
நான் தம்பி இல்லை சார், பெண். ஆப்பிரிக்கக் கில்லி மீன் வைத்திருக்கும் ஆய்வகம் ஒன்றிலும் இடம் இருக்கிறது. முதுகெலும்பு உண்டு, ஆயுள் நான்கிலிருந்து ஆறு மாதம் என்கிறார்கள். அதில் சேரலாமா?

சொல்லாய்வன்:
கில்லி என்பதற்குத் தமிழில்...

எலிக்கூண்டு:
மீனுக்குத் தனி இழை தொடங்கும்மா. இங்கே அந்த 600 நாள் விவகாரமே இன்னும் முடியவில்லை.