வீடு மாத்தினதுல இருந்து டிஸ்ப்ளே வரல, ஃபேன் மட்டும் சுத்துது – அவசரம்

தாம்பரம்_புதுசு:
வணக்கம். நேத்து வீடு மாத்தினோம். பழைய வீட்ல சிஸ்டம் நல்லா ஓடிட்டு இருந்துச்சு. இங்க வந்து எல்லா ஒயரும் மாட்டி ஆன் பண்ணா லைட் எரியுது, ஃபேன் சுத்துது, மானிட்டர்ல மட்டும் 'நோ சிக்னல்'னு வந்து இருட்டாயிடுது. கேபிள் வேற மாத்திப் பாத்தாச்சு. நாளைக்குக் காலைல ஆபீஸ் லாகின் பண்ணணும். சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

ரப்பர்_வைத்தியர்:
ரேம்தான் சகோ, யோசிக்கவே வேணாம். லாரி குலுக்கல்ல முதல்ல லூசாகறது அதுதான். பவரை ஆஃப் பண்ணிட்டு ரேமைக் கழட்டுங்க. கீழ இருக்கற தங்க நிறப் பட்டைய ஸ்கூல் பிள்ளைங்க யூஸ் பண்ற வெள்ளை ரப்பரால ரெண்டு பக்கமும் மெதுவா தேய்ங்க. தூளைத் துடைச்சிட்டு, ரெண்டு முனையும் 'டக்'னு பூட்டற வரைக்கும் அமுக்குங்க. படம் வந்துடும்.

எட்டுப்பின்:
அவசரப்பட்டு எதையும் கழட்டாதீங்க. முதல்ல இதையெல்லாம் சொல்லுங்க. என்ன ப்ராசசர்? தனியா கிராபிக்ஸ் கார்டு (மானிட்டருக்குப் படம் அனுப்பற கார்டு) இருக்கா? மானிட்டர் கேபிள் பின்னாடி எந்த இடத்துல மாட்டியிருக்கு? கீபோர்டுல 'நம் லாக்' (Num Lock) அமுக்கினா லைட் எரிஞ்சு அணையுதா? மதர்போர்டுல (உள்ள எல்லாம் மாட்டியிருக்கற பெரிய போர்டு) ஓரமா குட்டி லைட் ஏதாவது எரிஞ்சுக்கிட்டே நிக்குதா? 'லைட் எரியுது'ன்னு மட்டும் சொன்னா எந்த லைட்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?

இன்னொண்ணு. மானிட்டர் 'நோ சிக்னல்'னு எழுதிக் காட்டுதுன்னா அதுக்கு உயிர் இருக்குன்னு அர்த்தம். அது பக்கம் பாக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு. மெனுவுல இன்புட் எச்டிஎம்ஐ 1லயா, 2லயா, டிஸ்ப்ளேபோர்ட்லயான்னு பாத்து, கேபிள் மாட்டியிருக்கறதை நீங்களே தேர்ந்தெடுங்க. 'ஆட்டோ'வை நம்ப வேணாம்.

பழைய_பென்டியம்:
இதே கேள்வி இங்கே எத்தனை முறை வந்துவிட்டது! தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. தம்பி, கேபினெட்டின் பின்புறத்தைப் பாருங்கள். யுஎஸ்பி, ஆடியோ துளைகளுக்குப் பக்கத்தில் செங்குத்தாக இருப்பது மதர்போர்டின் எச்டிஎம்ஐ. அதற்குக் கீழே படுக்கை வசமாக இருப்பது கிராபிக்ஸ் கார்டினுடையது. மானிட்டர் கேபிள் கீழே உள்ளதில் இருக்க வேண்டும். வீடு மாறுகிறவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் இது.

தாம்பரம்_புதுசு:
ப்ராசசர் ரைசன் 5 5600, கிராபிக்ஸ் கார்டு 1660 சூப்பர், 8+8 ஜிபி ரேம். ஆமா, கேபிள் மேல இருந்த போர்ட்லதான் மாட்டியிருந்தேன். இப்போ கீழ மாத்திட்டேன். அப்பவும் அதே நோ சிக்னல். நம் லாக் எரியல. ரேமும் கழட்டி ரப்பர் போட்டுத் தேச்சு மாட்டியாச்சு. கேபினெட்டைத் தொட்டா விரல்ல லேசா சுர்ருன்னு அடிக்குது, அது வேற.

எட்டுப்பின்:
5600ல எழுத்து எதுவும் ஒட்டலன்னா அதுல உள் கிராபிக்ஸ் (ப்ராசசரே படம் அனுப்பற வசதி) கிடையாது. '5600ஜி'ன்னா உண்டு. அதனால மேல இருக்கற போர்ட்ல எந்தக் காலத்துலயும் படம் வராது. இன்டெல்ல இதே மாதிரி பேர் எஃப்ல முடியற ப்ராசசர்லயும் உள் கிராபிக்ஸ் இல்ல. கேபிள் இனி கீழயே இருக்கட்டும்.

நம் லாக் எரியலன்னா சிஸ்டம் ஸ்டார்ட்டே ஆகலன்னு அர்த்தம். விண்டோஸ், ஹார்ட் டிஸ்க் பக்கமெல்லாம் போக வேணாம். போர்டுல பெரிய பவர் ஒயர் மாட்டற 24 பின் கனெக்டர் பக்கத்துல சிபியு (ப்ராசசர்), டிரேம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (விண்டோஸ் இருக்கற டிஸ்க்)னு சின்னதா எழுதி நாலு லைட் இருக்கான்னு பாருங்க. எல்லா போர்டுலயும் இருக்காது. இருந்தா, ஆன் பண்ணதும் ஒவ்வொண்ணா எரிஞ்சு அணையும். எது அணையாம நிக்குதோ அங்கதான் கோளாறு.

பஞ்சும்_ஸ்பிரிட்டும்:
ரப்பர் போட்டுத் தேய்க்கச் சொல்வதை நிறுத்துங்கள் ஐயா. அந்தத் தங்கப் பூச்சின் கனம் ஒரு மைக்ரான்கூட இல்லை. அடிக்கடி தேய்த்தால் பூச்சு போய் அடியில் உள்ள நிக்கல் வெளியே தெரியும். ரப்பர் தூள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் அதுவே புதுக் கோளாறு. 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு ஒரே திசையில் துடைத்தால் போதும்.

ரப்பர்_வைத்தியர்:
ராத்திரி ஒன்பது மணிக்கு ஐசோபுரொப்பைலுக்கு எங்க போவாரு? ரப்பர் எல்லா வீட்லயும் இருக்கு. ஒரு தடவை மெதுவா தேச்சா பூச்சு போயிடாது.

பஞ்சும்_ஸ்பிரிட்டும்:
ஒரு தடவை என்றால் சரி. பட்டை கறுத்திருந்தால் மட்டும் செய்யுங்கள். நேற்று வரை ஓடிய சிஸ்டத்தில் ஒரே இரவில் பட்டை கறுக்காது. வெறுமனே எடுத்து மாட்டினாலே வேலை முடியும்.

கம்பிக்காரன்:
எல்லாரும் ரேமையே பேசறீங்க. 'சுர்ருன்னு அடிக்குது'ன்னு அவர் சொன்னதை ஒருத்தரும் கவனிக்கலையா? அந்தப் பாயின்ட்ல எர்த் இல்ல. கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுல பவர் கொடுக்கற பெட்டி) உள்ள ஃபேஸுக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு கெபாசிட்டர், நியூட்ரலுக்கும் பாடிக்கும் நடுவுல ஒண்ணு இருக்கும். இரைச்சல் வடிகட்ட வச்சது. எர்த் இருந்தா அந்தக் கசிவு மண்ணுக்குப் போயிடும். இல்லன்னா கேபினெட் 230ல பாதி, சுமார் 115 வோல்ட்ல மிதக்கும். கரண்ட் ரொம்பக் குறைவுங்கறதால சுர்ருங்கறதோட நிக்குது.

மல்டிமீட்டர்ல பாருங்க. ஃபேஸ்–நியூட்ரல் 230 கிட்ட வரணும். ஃபேஸ்–எர்த்தும் அதே அளவு வரணும். நியூட்ரல்–எர்த் ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருக்கணும். சுவர்ல சரியா இருந்தா எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் திறந்து பாருங்க. மூணு துளை இருக்கும், உள்ள ஓடறது ரெண்டு கம்பியா இருக்கும். மலிவு பாக்ஸ்ல இது ரொம்ப சகஜம்.

பழைய_பென்டியம்:
டிஸ்ப்ளே வராததற்கும் எர்த்துக்கும் என்ன சம்பந்தம்? தலைப்பை விட்டு விலக வேண்டாம்.

கம்பிக்காரன்:
சம்பந்தம் இருக்குங்க. எர்த் இல்லாத கேபினெட்டையும் வேற பாயின்ட்ல இருக்கற மானிட்டரையும் பவர் ஆன்ல வச்சுக்கிட்டு எச்டிஎம்ஐ மாட்டினா, ரெண்டு பாடிக்கும் நடுவுல இருக்கற வோல்டேஜ் அந்தக் கேபிள் வழியாத்தான் சமமாகும். போர்ட் போறது அப்படித்தான். அவர் ரெண்டு கேபிள் மாத்தி மாத்திப் பாத்திருக்காரு. இனிமே ரெண்டு பிளக்கையும் உருவிட்டு எச்டிஎம்ஐ மாட்டுங்க, அப்புறம் பவர் கொடுங்க.

நெல்லை_ஸ்பேனர்:
எர்த் இல்லன்னா பிளக் பாயின்ட்லயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டுக் கம்பியால சேத்துட்டா ஷாக் நின்னுடும். இங்க எலக்ட்ரீஷியனுங்க அப்படித்தான் பண்றாங்க.

கம்பிக்காரன்:
அதை மட்டும் யாரும் செய்யாதீங்க, தயவுசெஞ்சு. நியூட்ரல் கம்பி எங்கயாவது கழண்டுச்சுன்னா அந்தத் துண்டுக் கம்பி வழியா முழு 230 வோல்ட்டும் கேபினெட்டு மேல வந்து உக்காரும். தொட்டவன் உயிர் போயிடும். எர்த் கம்பி இல்லன்னா வீட்டு மெயின் சுவிட்ச் போர்டுல இருந்து தனியா இழுக்கணும். இதுக்குக் குறுக்கு வழி கிடையாது.

நெல்லை_ஸ்பேனர்:
சரி விடுங்க. ஸ்டெபிலைசராவது வைக்கச் சொல்லலாம்ல? புது ஏரியால வோல்டேஜ் எப்படியோ.

கம்பிக்காரன்:
எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டு லேபிளைப் படிங்க. 100–240னு போட்டிருந்தா ஸ்டெபிலைசர் தேவையே இல்ல, அது பண்ற வேலையை எஸ்எம்பிஎஸ்ஸே பண்ணிக்கும். 200–240னு மட்டும் போட்டிருந்தா, லோ வோல்டேஜ் ஏரியால யோசிக்கலாம்.

தாம்பரம்_புதுசு:
விஜிஏன்னு எழுதியிருக்கற லைட் அணையாம எரியுது. மத்த மூணும் இல்ல. ஆனா கிராபிக்ஸ் கார்டு ஃபேன் நல்லா வேகமா சுத்துது, அப்போ கார்டு ஓகேதானே?

ரப்பர்_வைத்தியர்:
ஃபேன் சுத்துதுன்னா கார்டு உயிரோட இருக்கு. அப்போ ப்ராசசர் பின் வளைஞ்சிருக்கும். அது மேல இருக்கற கூலரைக் கழட்டிப் பாருங்க.

எட்டுப்பின்:
கூலரைத் தொடாதீங்க. சிபியு லைட்டும் டிரேம் லைட்டும் எரிஞ்சு அணைஞ்சிருச்சு, ப்ராசசரும் ரேமும் பாஸ். அதுவும் இந்த ஏஎம்4 சாக்கெட்ல (உங்க ப்ராசசர் உக்கார்ற இடம்), நடுவுல தடவின பேஸ்ட் காஞ்சு ஒட்டியிருந்தா, கூலரை நேரா இழுக்கும்போது ப்ராசசரும் சேந்து பிடுங்கிக்கிட்டு வரும். அப்போதான் பின் நிஜமாவே வளையும்.

ஃபேன் விஷயத்துக்கு வர்றேன். 1660 சூப்பருக்கு எஸ்எம்பிஎஸ்ல இருந்து தனியா 8 பின் ஒயர் போகுது, அதுலயே 12 வோல்ட் இருக்கு. அது போக, கார்டோட அடிப்பட்டைல ஒரு வெட்டு இருக்கும் பாருங்க. வெட்டுக்கு முன்னாடி, ஸ்க்ரூ பக்கமா இருக்கற குட்டைப் பகுதிலதான் பவர் பின்கள். டேட்டா போற பாதைகள் எல்லாம் வெட்டுக்கு அந்தப் பக்கம், நீளப் பகுதில. 'நான் ஸ்லாட்ல இருக்கேன்'னு போர்டுக்குச் சொல்ற பின் கடைசி முனைல. ஸ்க்ரூ பக்கம் இறுகி நின்னு, மறுமுனை மட்டும் ஒரு மில்லிமீட்டர் தூக்கிக்கிட்டா என்ன ஆகும்? பவர் கிடைக்கும், ஃபேன் சுத்தும், ஆனா அப்படி ஒரு கார்டு இருக்கறதே போர்டுக்குத் தெரியாது. டிரைவர் மென்பொருள் சொல்ற வேகமும் வராததால ஃபேன் சும்மா வேகமா ஓடும். உங்க சிஸ்டம் அதைத்தான் காட்டுது. ஃபேன் சுத்தறது பவர் வருதுங்கறதுக்கு மட்டும்தான் சாட்சி.

கேபினெட்டை லாரில நிக்க வச்சுக் கொண்டு வந்தாங்களா, படுக்க வச்சா?

தாம்பரம்_புதுசு:
நிக்க வச்சுத்தான். பேக்கர்ஸ் ஆளுங்க ஏத்தினாங்க. கார்டை எப்படிக் கழட்டறது? பயமா இருக்கு.

எட்டுப்பின்:
பயப்பட ஒண்ணும் இல்ல. நிக்க வச்சா கார்டோட மொத்த எடையும் அந்த ஸ்லாட்லயும் ஸ்க்ரூலயும்தான் தொங்கும், ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கர்லயும் மறுமுனை மேலயும் கீழயும் ஆடும்.

பவர் பிளக்கை உருவுங்க. கேபினெட் ஆன் பட்டனைப் பத்து செகண்ட் அமுக்கிப் பிடிங்க, உள்ள தேங்கி நிக்கற மின்சாரம் வடியட்டும். கேபினெட்டைப் படுக்க வச்சு, மதர்போர்டு தரைல கிடக்கற மாதிரி பக்கக் கதவைத் திறங்க. கார்டு இப்போ செங்குத்தா நிக்கும், வேலை சுலபம். கழட்டறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு கார்டும் ஸ்லாட்டும் சேர்ற கோட்டைப் பாருங்க. சரியா உக்காந்த கார்டுல தங்கப் பட்டை வெளிய தெரியாது. ஒரு முனைல மட்டும் மெல்லிசா தங்கக் கோடு தெரிஞ்சா, விஷயம் அதுதான்.

8 பின் ஒயரோட கொக்கியை அமுக்கி உருவுங்க. பின்பக்கத் தகட்டுல இருக்கற ஸ்க்ரூவைக் கழட்டுங்க. ஒண்ணோ ரெண்டோ இருக்கும். ஸ்லாட்டோட உள்முனைல ஒரு பிளாஸ்டிக் லாட்ச் இருக்கும், கார்டு மறைச்சிருக்கும், விரல் போகாது. ஐஸ் குச்சியோ மரப் பென்சிலோ வச்சு அமுக்குங்க. ஸ்க்ரூ டிரைவர் வேணாம், வழுக்கினா போர்டுல கோடு விழும். லாட்ச் விடலன்னா கார்டை இழுக்காதீங்க, ஸ்லாட் பேந்துடும். அடுத்து ஸ்லாட்டுக்குள்ள தூசி, கழண்ட ஸ்க்ரூ ஏதாவது கிடக்கான்னு பாத்துட்டு, ரெண்டு முனைலயும் சமமா அமுக்கி 'க்ளிக்' கேக்கற வரைக்கும் இறக்குங்க. ஸ்க்ரூ போடும்போது தகடு கார்டை மேல தூக்காம இருக்கணும். 8 பின்ங்கறது 6ம் 2மா பிரிஞ்சிருக்கும், ரெண்டையும் சேத்துப் பிடிச்சு முழுசா ஏத்துங்க.

ரப்பர்_வைத்தியர்:
கையோட சிமாஸ் பேட்டரியையும் (மதர்போர்டுல இருக்கற குட்டி வட்ட பேட்டரி) ஒரு நிமிஷம் கழட்டி மாட்டிடச் சொல்லுங்க.

எட்டுப்பின்:
இப்போ வேணாம். கார்டு உக்காந்தும் வரலன்னா பாக்கலாம். ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்தினாத்தான் எதனால சரியாச்சுன்னு தெரியும்.

பழைய_பென்டியம்:
பேட்டரியைக் கழற்றினால் பயாஸ் அமைப்பெல்லாம் (மதர்போர்டில் சேமித்த அடிப்படை அமைப்புகள்) போய்விடும், ரேம் 3200 வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தால் 2133க்கோ 2400க்கோ இறங்கிவிடும். பிறகு 'கம்ப்யூட்டர் ஸ்லோ ஆகிவிட்டது' என்று இன்னொரு இழை தொடங்குவார்.

தாம்பரம்_புதுசு:
வந்துடுச்சு!! உள்முனைல தங்கக் கோடு தெரிஞ்சுது. லாட்ச் பாதி திறந்து நின்னுச்சு, ஒரு ஸ்க்ரூவே காணோம். எடுத்து மாட்டி அமுக்கினதும் படம் வந்துடுச்சு. எட்டுப்பின் அண்ணா, ரொம்ப நன்றி.

எட்டுப்பின்:
சந்தோஷம். அந்தக் காணாம போன ஸ்க்ரூ கேபினெட்டுக்குள்ளதான் எங்கயோ கிடக்கும். அதை எடுக்காம சிஸ்டத்தை ஓட விடாதீங்க, போர்டுக்கு அடில போனா ஷார்ட் ஆகும். ஆஃப் பண்ணி, பிளக்கை உருவி, கேபினெட்டை மெதுவா சாச்சுப் பாருங்க, உருள்ற சத்தம் கேக்கும்.

கம்பிக்காரன்:
எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் திறந்து பாத்தீங்களா? எத்தனை கம்பி ஓடுது?

கம்பிக்காரன்:
தம்பி, லாகின் வேலை முடிஞ்சதும் நியூட்ரல்–எர்த் வோல்டேஜ் எவ்வளவுன்னு இங்க போடுங்க. அதுவரைக்கும் கேபினெட் கதவை மூடியே வைங்க, வெறுங்காலோட நின்னு தொட வேணாம்.